கனடாவின் நெருக்கடிநிலை மசோதாக்கள் (1987–1988)

கனடாவின் நெருக்கடிநிலை மசோதாக்கள் என்பவை, அந்நாட்டு நாடாளுமன்றத்தில் 1987ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்டு 1988ஆம் ஆண்டு சட்டமான இரண்டு மசோதாக்கள் ஆகும். அவற்றுள் சி-76 என்ற எண் பெற்றது நெருக்கடிநிலை முன்னேற்பாட்டு மசோதா. சி-77 என்ற எண் பெற்றது நெருக்கடிநிலை மசோதா. பேரிடரும் போரும் வருமுன் அரசு என்னென்ன ஆயத்தங்களைச் செய்து வைத்திருக்க வேண்டும் என்று முதலாவது வகுத்தது. அவை வந்தபின் அரசு எந்த அளவுக்குத் தனி அதிகாரம் எடுத்துக்கொள்ளலாம், அந்த அதிகாரத்தை யார் எப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று இரண்டாவது வகுத்தது. கனடாவில் மசோதா எண்ணின் முன் வரும் 'சி' என்ற எழுத்து, அது நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் அவையில் தொடங்கியது என்பதைக் குறிக்கும்.

அன்றைய தேசியப் பாதுகாப்புத் துறை அமைச்சர் பெரின் பீட்டி இம்மசோதாக்களைக் கொண்டுவந்தார். 1914 முதல் நடைமுறையில் இருந்த போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தை நீக்கிவிட்டு அதன் இடத்தில் புதிய சட்டத்தை வைப்பதே இவற்றின் முதன்மை நோக்கம். பழைய சட்டத்தின் கீழ் நடந்தவற்றை அறிந்தால்தான் புதிய மசோதாவின் ஒவ்வொரு பிரிவும் ஏன் அப்படி எழுதப்பட்டது என்பது விளங்கும்.

1914ஆம் ஆண்டுச் சட்டம்

1914 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாக இருந்ததால் கனடாவும் அன்றே போரில் இறங்கிய நாடாயிற்று. அந்த மாதமே கூடிய கனடிய நாடாளுமன்றம் போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தை விரைந்து நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

அளவில் சிறிய அச்சட்டம் அதிகாரத்தில் மிகப் பெரியதாக இருந்தது. நாட்டின் பாதுகாப்பு, அமைதி, ஒழுங்கு, நலன் ஆகியவற்றுக்குத் தேவை என்று அமைச்சரவை கருதும் எந்த ஆணையையும் அது பிறப்பிக்கலாம். செய்தித் தணிக்கை, கைது, சிறைவைப்பு, நாடு கடத்தல், துறைமுகங்களையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்துதல், வணிகத்தை ஒழுங்குபடுத்துதல், சொத்துகளை எடுத்துக்கொள்ளுதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். நாடாளுமன்றம் இயற்ற வேண்டிய சட்டங்களை அமைச்சரவையே ஆணைகளாக இயற்றிக்கொள்ள வழி பிறந்தது.

இச்சட்டத்தில் இரண்டு பெரிய குறைகள் இருந்தன. முதலாவது, அறிவிப்பு தானாகக் காலாவதியாகும் நாள் எதுவும் அதில் குறிக்கப்படவில்லை. போர்நிலை முடிந்துவிட்டது என்று அரசு அறிவிக்கும் வரை அதிகாரம் நீடிக்கும். இரண்டாவது, போரோ படையெடுப்போ கிளர்ச்சியோ உள்ளது என்று அரசு வெளியிடும் அறிவிப்பே அதற்கு முடிவான சான்று என்று சட்டம் கூறியது. கிளர்ச்சி உண்மையில் நடக்க வேண்டும் என்பதில்லை, நடக்கக்கூடும் என்ற அச்சமே போதும். 'அப்படி ஒரு கிளர்ச்சி இருக்கிறதா?' என்று நீதிமன்றத்தில் கேட்க இடமே இல்லை.

முதல் உலகப் போர்: உக்ரேனியக் குடியேறிகள்

போருக்கு முந்தைய ஆண்டுகளில் உக்ரேனியர் பலர் கனடாவின் மேற்குப் பகுதிக்குக் குடியேறியிருந்தனர். அவர்களது ஊர்களான கலீசியா, புக்கொவினா ஆகியவை அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தன. அப்பேரரசு பிரிட்டனின் எதிரி. ஆகவே அதன் குடிமக்கள் அனைவரும் சட்டத்தின் பார்வையில் 'எதிரி நாட்டினர்' ஆயினர்.

சுமார் 80,000 பேர் அரசிடம் பதிவு செய்துகொண்டு, அடையாளத் தாளை உடன் வைத்திருக்கவும் குறித்த கால இடைவெளியில் காவல்துறையிடம் நேரில் வந்து கையொப்பமிடவும் வேண்டியிருந்தது. 8,579 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் உக்ரேனியர். நாடெங்கும் 24 இடங்களில் முகாம்களும் தங்க வைக்கும் நிலையங்களும் இருந்தன. ராக்கி மலைத்தொடரில் உள்ள பான்ஃப் தேசியப் பூங்காவில் அடைக்கப்பட்டவர்கள் சாலை போடும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். 1918 நவம்பரில் போர் ஓய்ந்தது. ஆனால் கடைசி முகாம் மூடப்பட 1920 ஆயிற்று. காலக்கெடு இல்லாத சட்டத்தின் முதல் விளைவு இது.

இரண்டாம் உலகப் போர்: ஜப்பானிய வம்சாவளியினர்

1939இல் அதே சட்டம் மீண்டும் உயிர்பெற்றது. கட்டாயப் பதிவை எதிர்த்துப் பேசியதற்காக மான்ட்ரியல் நகர மேயர் கமிலியன் ஊட் 1940இல் சிறைவைக்கப்பட்டு 1944இல்தான் விடுதலையானார். மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு பெருநகரின் மேயரையே விசாரணையின்றி நான்கு ஆண்டுகள் அடைத்து வைக்க அச்சட்டம் போதுமானதாக இருந்தது.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர்மீது சந்தேகம் திரும்பியது. முதலில் அவர்களது சுமார் 1,200 மீன்பிடிப் படகுகள் பறிமுதல் செய்யப்பட்டன. 1942 பிப்ரவரி 24 அன்று பிறந்த அமைச்சரவை ஆணை, பாதுகாக்கப்பட்ட பகுதியிலிருந்து யாரையும் வெளியேற்றும் அதிகாரத்தை அளித்தது. பசிபிக் கடற்கரையிலிருந்து 100 மைல் தொலைவுக்குள் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் எண்ணிக்கை சுமார் 22,000. பெரும்பாலோர் கனடாவிலேயே பிறந்தவர்கள் அல்லது கனடியக் குடியுரிமை பெற்றவர்கள்.

வான்கூவரின் ஹேஸ்டிங்ஸ் பூங்காவில் கண்காட்சிக்கு வரும் கால்நடைகளைக் கட்டும் கொட்டகைகளில் பல குடும்பங்கள் முதலில் தங்க வைக்கப்பட்டன. பின்னர் அவர்கள் மாகாணத்தின் உட்பகுதியில் இருந்த நியூ டென்வர், ஸ்லோகன், டாஷ்மி போன்ற முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். ஆண்கள் பலர் சாலைப் பணி முகாம்களுக்கும், சில குடும்பங்கள் ஆல்பர்ட்டா, மனிட்டோபா மாகாணங்களின் 'சுகர் பீட்' வயல்களுக்கும் சென்றனர்.

அவர்களது வீடுகள், நிலங்கள், கடைகள், படகுகள் ஆகியவை பாதுகாத்துத் திருப்பித் தரப்படும் என்ற பெயரில் அரசின் பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. 1943 ஜனவரியில் வந்த மற்றோர் ஆணை, உரிமையாளரின் சம்மதம் இல்லாமலேயே அவற்றை விற்க அனுமதித்தது. போர் முடிந்தபின் திரும்பிச் செல்ல வீடு இல்லாமற் போனது. 1946இல் ஏறத்தாழ 4,000 பேர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியவர்கள் கடற்கரைப் பகுதிக்குத் திரும்ப 1949 ஏப்ரல் 1 வரை அனுமதி கிடைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஜப்பானிய வம்சாவளிக் கனடியர் ஒருவர்மீதும் நாசவேலைக் குற்றச்சாட்டு சுமத்தப்படவில்லை.

நாடு கடத்தும் ஆணைகளை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு கனடிய உச்ச நீதிமன்றம் வழியாக, அக்காலத்தில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1946 டிசம்பரில் ஆணைகள் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. அந்த ஆணைகளை 1947இல் அரசே கைவிட்டது.

1970 அக்டோபர்

அமைதிக் காலத்தில் இச்சட்டம் பயன்படுத்தப்பட்டது ஒரே ஒரு முறைதான். பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மாகாணத்தைத் தனிநாடாக்க விரும்பிய கியூபெக் விடுதலை முன்னணி என்ற ஆயுதக் குழு, 1970 அக்டோபர் 5 அன்று பிரிட்டிஷ் வணிகத் தூதர் ஜேம்ஸ் கிராஸைக் கடத்தியது. அக்டோபர் 10 அன்று மாகாணத் தொழிலாளர் துறை அமைச்சர் பியேர் லப்போர்ட்டும் கடத்தப்பட்டார்.

மாகாண முதல்வரும் மான்ட்ரியல் மேயரும் கேட்டுக்கொண்டதன் பேரில், பிரதமர் பியேர் ட்ரூடோவின் அரசு அக்டோபர் 16 அதிகாலையில் போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தை அமலாக்கியது. 'நடக்கக்கூடும் என்று அஞ்சப்படும் கிளர்ச்சி' என்பதே காட்டப்பட்ட காரணம். மறுநாள் லப்போர்ட்டின் உடல் ஒரு காரில் கண்டெடுக்கப்பட்டது. ஜேம்ஸ் கிராஸ் டிசம்பர் 3 அன்று உயிருடன் மீட்கப்பட்டார்.

பிடியாணை இல்லாமல் 497 பேர் கைது செய்யப்பட்டனர். பாடகி போலின் ஜூலியன், கவிஞர் ஜெரால்ட் கோடன் ஆகியோரும் அவர்களில் அடங்குவர். இறுதியில் 62 பேர்மீதுதான் குற்றச்சாட்டு பதிவாயிற்று. மற்ற 435 பேர் ஏன் பிடிக்கப்பட்டோம் என்பதே தெரியாமல் வீடு திரும்பினர். காமன்ஸ் அவை அரசின் நடவடிக்கையை 190-க்கு 16 என்ற வாக்குகளில் ஆதரித்தது. எதிர்த்தவர்களில் புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர் டாமி டக்ளஸ் முக்கியமானவர்.

கனடாவுக்கு 1960இலேயே ஓர் உரிமைகள் சட்டம் இருந்தது. ஆனால் போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தின் கீழ் செய்யப்படும் எதுவும் உரிமை மீறலாகக் கருதப்படாது என்று அதிலேயே விலக்கு எழுதப்பட்டிருந்தது. 1982இல் அரசமைப்பின் பகுதியாக உரிமைகள் மற்றும் சுதந்திரங்கள் சாசனம் வந்தபின், 1914இன் சட்டம் அதனோடு ஒத்துப்போகாது என்பது தெளிவாயிற்று. பழைய சட்டத்தை மாற்றும் வேலை அதன்பின் தள்ளிப்போட முடியாததாயிற்று.

மசோதா சி-76: முன்னேற்பாடு

பழைய சட்டத்தின் இன்னொரு குறை, அது போரையும் கிளர்ச்சியையும் மட்டுமே நினைத்து எழுதப்பட்டது என்பதாகும். வெள்ளம், தொற்றுநோய், நச்சுவாயுக் கசிவு போன்றவற்றுக்கு அதில் இடமில்லை. 1979 நவம்பர் 10 இரவு ஒன்டாரியோ மாகாணத்தின் மிசிசாகா நகரில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. அதில் புரொப்பேன், குளோரின் ஏற்றிய தொட்டிப் பெட்டிகள் இருந்தன. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஓர் உயிர்கூடப் போகவில்லை. உள்ளூர் அமைப்புகள் ஒழுங்காகச் செயல்பட்டால் தனி அதிகாரம் எதுவும் இல்லாமலேயே பேரிடரைச் சமாளிக்கலாம் என்பதற்கு இது சான்று.

சி-76 மசோதா இந்த அடிப்படையில் அமைந்தது. அதன்படி, ஒவ்வொரு மத்திய அமைச்சரும் தம் துறைக்குள் வரக்கூடிய ஆபத்துகளைக் கண்டறிந்து, அவற்றை எதிர்கொள்ளும் திட்டத்தை முன்கூட்டியே தயாரிக்க வேண்டும். இத்திட்டங்களை ஒருங்கிணைக்க ஒரு பொறுப்பு அமைச்சரும், 'கனடா நெருக்கடிநிலை முன்னேற்பாடு' என்ற அமைப்பும் இருக்கும். மாகாண அரசுகளோடு சேர்ந்து திட்டமிடுவதும், பயிற்சி அளிப்பதும், மாகாணம் கேட்கும்போது நிதியுதவி செய்வதும் இதன் பணிகள்.

மசோதாக்கள் அறிமுகமாகிச் சில வாரங்களில், 1987 ஜூலை 31 அன்று, எட்மன்டன் நகரைச் சுழற்காற்று தாக்கி 27 பேர் இறந்தனர். முன்னேற்பாடு எவ்வளவு அவசியம் என்பதை அது நாட்டுக்கு நினைவூட்டியது.

மசோதா சி-77: அதிகாரமும் கட்டுப்பாடும்

சி-77 முதலில் 'தேசிய நெருக்கடிநிலை' என்றால் என்ன என்று வரையறுத்தது. நிலைமை அவசரமானதாகவும் தற்காலிகமானதாகவும் இருக்க வேண்டும். ஒரு மாகாணத்தின் திறனையோ அதிகாரத்தையோ மீறிய அளவில் மக்களின் உயிர், உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அது ஆபத்து விளைவிக்க வேண்டும், அல்லது நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, நில ஒருமைப்பாடு ஆகியவற்றைக் காக்கும் அரசின் திறனை அது கடுமையாக அச்சுறுத்த வேண்டும். இவற்றோடு, நாட்டின் வேறு எந்தச் சட்டத்தாலும் அதைத் திறம்படச் சமாளிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையே மிக முக்கியமானது. வழக்கமான சட்டம் போதுமானால் நெருக்கடிநிலை அறிவிக்கக் கூடாது என்பது அதன் பொருள்.

நெருக்கடிநிலைகள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தனி அதிகாரமும் தனிக் காலக்கெடுவும் உண்டு.

1. பொதுநல நெருக்கடிநிலை: இயற்கைச் சீற்றம், நோய், விபத்து, சுற்றுச்சூழல் மாசு ஆகியவற்றால் வருவது. காலம் 90 நாள்.
2. பொது ஒழுங்கு நெருக்கடிநிலை: நாட்டின் பாதுகாப்புக்கு நேரும் அச்சுறுத்தலால் வருவது. காலம் 30 நாள்.
3. பன்னாட்டு நெருக்கடிநிலை: பிற நாடுகளின் மிரட்டல் அல்லது வன்முறையால் வருவது. காலம் 60 நாள்.
4. போர் நெருக்கடிநிலை: நடக்கும் போரால் அல்லது உடனடியாக நேரவிருக்கும் போரால் வருவது. காலம் 120 நாள்.

வெள்ளத்துக்காக எடுத்த அதிகாரத்தை ஊர்வலத்தை அடக்கப் பயன்படுத்த முடியாதபடி இப்பிரிவுகள் அமைந்தன. குடிமக்கள்மீது நேரடியாகப் பாயக்கூடிய பொது ஒழுங்கு வகைக்குத்தான் மிகக் குறைந்த காலம் கொடுக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. காலத்தை நீட்டிக்க மீண்டும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

மசோதாவில் வைக்கப்பட்ட முக்கியக் கட்டுப்பாடுகள் பின்வருமாறு:

நாடாளுமன்ற ஒப்புதல்: அறிவிப்பு உடனே நடைமுறைக்கு வரும். ஆனால் 7 அமர்வு நாள்களுக்குள் அதைக் காமன்ஸ் அவை, செனட் ஆகிய இரு அவைகளின் முன்னும் வைத்து ஒப்புதல் கேட்க வேண்டும். இரண்டில் ஓர் அவை மறுத்தாலும் அன்றே அறிவிப்பு செல்லாததாகிவிடும்.

உறுப்பினர்களின் உரிமை: காமன்ஸ் அவையில் 20 பேர் அல்லது செனட்டில் 10 பேர் கையொப்பமிட்டால், நெருக்கடிநிலையை நீக்கக் கோரும் தீர்மானத்தை அந்த அவை விவாதித்தே ஆக வேண்டும்.

ஆணைகளின் மேற்பார்வை: பிறப்பிக்கப்படும் ஆணைகள் 2 அமர்வு நாள்களுக்குள் அவைகளின் முன் வைக்கப்பட வேண்டும். இரகசிய ஆணைகளானால், இரகசியக் காப்புப் பிரமாணம் எடுத்த நாடாளுமன்றக் குழுவின் பார்வைக்குச் செல்ல வேண்டும்.

மாகாணங்களுடன் கலந்தாலோசனை: பாதிக்கப்படும் மாகாண அரசுகளை மத்திய அரசு கலந்தாலோசிக்க வேண்டும்.

இழப்பீடு: இச்சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் நடவடிக்கையால் இழப்பு அடைந்தவர்களுக்கு நியாயமான இழப்பீடு தர வேண்டும்.

கட்டாய விசாரணை: நெருக்கடிநிலை முடிந்த 60 நாள்களுக்குள் அதைப் பற்றிய விசாரணையைத் தொடங்க வேண்டும். 360 நாள்களுக்குள் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

உரிமைச் சாசனம்: எல்லா நடவடிக்கைகளும் 1982ஆம் ஆண்டுச் சாசனத்துக்கு உட்பட்டவையே. 1960ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தில் இருந்தது போன்ற விலக்கு இதில் இல்லை.

நான்காம் பிரிவு

புதிய சட்டத்தின் நான்காம் பிரிவு அளவில் சிறியது. இனம், நாட்டு அல்லது இனவழி மூலம், நிறம், சமயம், பால், வயது, உடல் அல்லது மனக் குறைபாடு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு கனடியக் குடிமக்களையோ நிரந்தரக் குடியிருப்பாளர்களையோ காவலில் வைக்கவோ சிறையிடவோ முகாமில் அடைக்கவோ எந்த ஆணையும் பிறப்பிக்கக் கூடாது என்று அது தடுக்கிறது. இச்சட்டத்தையே ஆணையின் மூலம் திருத்தவும் கூடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. எந்த நிகழ்ச்சியை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

ஜப்பானிய வம்சாவளிக் கனடியர்களின் தேசியச் சங்கம் அக்காலத்தில் இழப்பீட்டுக்காகவும், 1914ஆம் ஆண்டுச் சட்டம் போன்ற ஒன்று இனி வராமல் இருப்பதற்காகவும் போராடி வந்தது. சிறுவயதில் முகாம் வாழ்வை அனுபவித்தவர்கள் அப்போது ஐம்பதைக் கடந்திருந்தனர்.

நெருக்கடிநிலைச் சட்டத்துக்கு 1988 ஜூலை 21 அன்று ஒப்புதல் கிடைத்தது. 74 ஆண்டுகள் நீடித்த போர்க்கால நடவடிக்கைச் சட்டம் அதனால் நீக்கப்பட்டது. இரண்டு மாதங்கள் கழித்து, செப்டம்பர் 22 அன்று, பிரதமர் பிரையன் மல்ரோனி ஜப்பானிய வம்சாவளிக் கனடியர்களிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 கனடிய டாலர் வழங்க அரசு ஒப்புக்கொண்டது.

பயன்படுத்தப்படாத ஆண்டுகள்

நடைமுறைக்கு வந்தபின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நெருக்கடிநிலைச் சட்டம் ஒருமுறையும் பயன்படுத்தப்படவில்லை. 1998 ஜனவரியில் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களில் உறைபனி மழை பெய்து மின்கோபுரங்கள் சரிந்து, லட்சக்கணக்கான வீடுகள் கடுங்குளிரில் மின்சாரம் இன்றித் தவித்தன. 15,000-க்கும் மேற்பட்ட படைவீரர்கள் உதவிக்கு வந்தனர். அப்போதும் நெருக்கடிநிலை அறிவிக்கத் தேவைப்படவில்லை. வழக்கமான சட்டங்களும் முன்னேற்பாட்டுத் திட்டங்களும் போதுமானவையாக இருந்தன.

2007இல் நெருக்கடிநிலை மேலாண்மைச் சட்டம் வந்து, சி-76 வழியே உருவான முன்னேற்பாட்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. சி-77 வழியே வந்த சட்டம் தொடர்ந்தது. 2020இல் கொரோனா பரவியபோது பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ மாகாண முதல்வர்களின் கருத்தைக் கேட்டார். தேவையில்லை என்று அவர்கள் கூறியதால் அப்போதும் அறிவிப்பு வரவில்லை.

2022: முதல் அறிவிப்பு

எல்லை தாண்டிச் செல்லும் லாரி ஓட்டுநர்களுக்குத் தடுப்பூசி கட்டாயம் என்ற விதியை எதிர்த்து, 2022 ஜனவரி இறுதியில் லாரிகள் அணியணியாகத் தலைநகர் ஒட்டாவாவில் நுழைந்து நாடாளுமன்றத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நின்றன. வாரக்கணக்கில் இரவு பகலாக ஒலித்த ஹாரன் ஓசையால் அங்கே குடியிருந்தவர்கள் தூக்கம் இழந்தனர். கடைகள் மூடப்பட்டன. வின்ட்சர் நகரையும் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரையும் இணைக்கும் அம்பாசடர் பாலம் பிப்ரவரி 7 முதல் மறிக்கப்பட்டது. ஆல்பர்ட்டா மாகாணத்தின் கூட்ஸ் எல்லைச் சாவடியிலும் மறியல் நடந்தது.

பிப்ரவரி 14 அன்று அரசு பொது ஒழுங்கு நெருக்கடிநிலையை அறிவித்தது. குறிப்பிட்ட இடங்களில் கூடுவது தடை செய்யப்பட்டது. லாரிகளை இழுத்து அகற்ற மீட்பு வண்டி உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எடுத்துக்கொள்ளப்பட்டது. நீதிமன்ற ஆணை இல்லாமலேயே வங்கிகள் கணக்குகளை முடக்க வேண்டியதாயிற்று. சுமார் 280 கணக்குகள் முடக்கப்பட்டன. பிப்ரவரி 21 அன்று காமன்ஸ் அவை 185-க்கு 151 என்ற வாக்குகளில் அறிவிப்பை உறுதி செய்தது. செனட்டில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே, பிப்ரவரி 23 அன்று, அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. மொத்தம் ஒன்பது நாள்.

விசாரணையும் தீர்ப்பும்

1987இல் எழுதப்பட்ட கட்டுப்பாடுகள் இப்போது வேலை செய்யத் தொடங்கின. சட்டப்படி 60 நாள் கெடுவுக்கு உட்பட்டு, ஏப்ரல் 25 அன்று நீதிபதி பால் ரூலோ தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பிரதமர் உட்பட அமைச்சர்களும் காவல்துறை அதிகாரிகளும் போராட்டக்காரர்களும் பொதுமக்கள் முன்னிலையில் சாட்சியம் அளித்தனர்.

விவாதத்தின் மையம் இரண்டு கேள்விகள். முதலாவது, வேறு சட்டம் போதாதா என்பது. அம்பாசடர் பாலத்தில் மறியல், அறிவிப்புக்கு முந்தைய நாளே வழக்கமான சட்டத்தின் மூலம் அகற்றப்பட்டிருந்தது. இரண்டாவது, 'பாதுகாப்புக்கு அச்சுறுத்தல்' என்பதன் பொருள். நெருக்கடிநிலைச் சட்டம் இச்சொல்லுக்கான வரையறையை 1984ஆம் ஆண்டு உளவுத்துறைச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வரையறைப்படியான அச்சுறுத்தல் இல்லை என்று உளவுத்துறை கருதியது. நெருக்கடிநிலைச் சட்டத்தின் பின்னணியில் அதை விரிவாகப் பொருள் கொள்ளலாம் என்று அரசு வாதிட்டது. அவ்வாறு கூறிய சட்ட ஆலோசனையை ஆணையத்திடம்கூடக் காட்ட அரசு மறுத்துவிட்டது.

2023 பிப்ரவரி 17 அன்று வெளியான அறிக்கையில், அறிவிப்புக்கு வேண்டிய நிபந்தனைகள் நிறைவேறியிருந்தன என்று ரூலோ தயக்கத்தோடு முடிவு கூறினார். விவரம் அறிந்த நியாயமானவர்கள் வேறு முடிவுக்கு வரவும் இடமுண்டு என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். உளவுத்துறைச் சட்டத்தின் வரையறையோடு உள்ள இணைப்பை நீக்குவது உட்பட 56 பரிந்துரைகளை அளித்தார்.

குடியுரிமை அமைப்புகள் தொடுத்த வழக்கில், 2024 ஜனவரி 23 அன்று கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ரிச்சர்ட் மோஸ்லி வேறு முடிவை அளித்தார். அறிவிப்பு நியாயமானதாக இல்லை என்றும், அதன் கீழ் வந்த சில நடவடிக்கைகள் கருத்துச் சுதந்திரத்தையும் காரணமற்ற சோதனையிலிருந்து காக்கும் உரிமையையும் மீறின என்றும் அவர் தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது.

மதிப்பீடு

இம்மசோதாக்களைப் பாராட்டுவோரும் குறை கூறுவோரும் உண்டு. நிபந்தனைகள் மிகக் கடுமையாக இருப்பதால் உண்மையான ஆபத்தின்போது அரசு தயங்கி நிற்கும் என்பது ஒரு தரப்பு. எவ்வளவு கடுமையாக எழுதினாலும், நெருக்கடி இருக்கிறதா என்று முதலில் முடிவு செய்வது அமைச்சரவைதான், அறிவிப்பும் அந்தக் கணமே நடைமுறைக்கு வந்துவிடுகிறது என்பது மற்றொரு தரப்பு. 2022இல் அரசு தன் சட்ட ஆலோசனையை மறைத்தது இரண்டாம் தரப்பின் கவலைக்கு வலுவூட்டியது.

ஆனால் பழைய சட்டத்தோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. 1942இல் 22,000 பேரை வெளியேற்றிய அரசு அதற்காக எந்த விசாரணை ஆணையத்தின் முன்னும் நிற்க வேண்டியிருக்கவில்லை. 1946இல் நீதிமன்றத்தை நாடியவர்கள் தோற்றார்கள். மன்னிப்பு வர 46 ஆண்டுகள் ஆயின. 2022இல் ஒன்பது நாள் நீடித்த அறிவிப்புக்காகப் பிரதமர் அதே ஆண்டில் சாட்சிக் கூண்டில் அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இரண்டே ஆண்டுகளில் ஒரு நீதிபதி அந்த அறிவிப்பைத் தவறு என்று எழுதினார். ஆபத்து இல்லாத ஓர் ஆண்டில், அவசரம் இல்லாமல் அமர்ந்து எழுதப்பட்ட பிரிவுகளால்தான் இது முடிந்தது.